திட்டே வராத புதுப்பட்டினம்

போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மிஷினைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். பொறுமையாக வேலை செய்தார். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "சார், போனுக்கு மெசேஜ் வரும். அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்றார். நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பின்கள் மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணினேன். மூன்றும் இருந்தன. அதோடு விடவில்லை. பிளக்கைத் திருகித் திறந்து உள்ளே பச்சை ஒயர் இருக்கிறதா என்று காட்டச் சொன்னேன். காட்டினார். இன்னொரு தடவை காட்டச் சொன்னதும் அவர் பயந்துபோனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, ரிட்டயர் ஆனதுலேருந்து இவர் இப்படித்தான்" என்று என் மனைவி அவரைச் சமாதானப்படுத்தினாள்.

ரிட்டயர் ஆனதிலிருந்து இல்லை. அதற்கு முன்பே, புதுப்பட்டினத்துக்குப் போய் வந்த அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன்.

என் பழைய அலுவலகத்தில் இப்போது வாடிக்கையாளர் கருத்துக் கேட்பு முழுவதையும் கணினி பார்த்துக்கொள்கிறதாம். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிக் கேட்டோம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இது இருக்குமா என்று தெரியவில்லை.

நான் வேலை பார்த்தது செங்கல்பட்டில் தலைமை அலுவலகம் வைத்து வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கிற ஒரு கடையில். கூடுவாஞ்சேரி, படூர், புதுப்பட்டினம் என்று ஏழு கிளைகள். விற்றதோடு நிற்காமல் பழுதும் நாங்களே பார்த்துக் கொடுத்தோம். பொருளாதாரம் படித்திருந்த என்னைக் கருத்துக் கேட்புப் பிரிவில் போட்டார்கள். முதல் இரண்டு வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு பொருள் வாங்கியவர் வீட்டுக்குப் போவேன், கேட்பேன், எழுதுவேன், வெயிலில் திரும்புவேன். நாய் துரத்தியது ஒன்பது தடவை. கடித்தது ஒரு தடவை.

கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. கடைக்குள் நின்று கேட்கக் கூடாது. விற்றவரின் காதில் விழுகிற இடத்தில் யாரும் மனதில் உள்ளதைப் பேசமாட்டார்கள். பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே நின்று கேட்க வேண்டும். மிக்ஸியைப் பற்றி என்றால் அடுப்படி வாசலில், மோட்டாரைப் பற்றி என்றால் கிணற்றடியில். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். "நல்லாத்தான் கீது" என்று உடனே ஒரு பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்வது. எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது "ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தணிகாசலம் சார். எங்கள் பிரிவின் மேலாளர். மதுராந்தகம் பக்கத்தில் பயிர்த்தொழில் செய்கிற குடும்பம். என்னைவிட மூன்று வயது இளையவர், ஆனாலும் ஒருமையில்தான் கூப்பிடுவார். யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார், முதலாளியைத் தவிர. அவர் தாளைப் படிக்கிற விதமே தனி. மதிப்பெண் இருக்கிற பத்தியை இடது உள்ளங்கையால் மூடிக்கொள்வார். அடியில் வாடிக்கையாளர் சொன்னதாக எழுதியிருப்பதை மட்டும் சத்தமாக, அவர்கள் பேசுகிற மாதிரியே படித்துப் பார்ப்பார். வாயில் வராவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் எழுதிய முதல் அறிக்கையும் திரும்பி வந்தது. 'குளிர்சாதனப் பெட்டியின் கதவு குறித்து வாடிக்கையாளர் அதிருப்தி தெரிவித்தார்' என்று எழுதியிருந்தேன்.

"இத்த அந்தம்மா சொல்லிச்சா?" என்றார்.

கருத்து அதுதான் என்றேன்.

"கருத்த நான் பாத்துக்கறேன். அந்தம்மா வாயில இன்னா வந்துச்சோ அத்த சொல்லு."

தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "மூடினா மூடிக்குது சார், நாம அந்தாண்ட திரும்பினா தொறந்துகினு பாக்குது, எங்க நாத்தனா மாதிரி."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கூடுவாஞ்சேரி கிளைக்குப் போன் போட்டுவிட்டார். மூடிய கதவு தானாகத் திறக்கிறது என்றால் கதவில் குறை இல்லை, பெட்டி முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. முன்கால் இரண்டையும் கொஞ்சம் உயர்த்தினால் போதும் என்றார். அப்படியே செய்தார்கள். கதவு சரியாகிவிட்டது. 'அதிருப்தி'யை வைத்துக்கொண்டு அந்தக் காலை உயர்த்தியிருக்க முடியாது. அன்றிலிருந்து நான் என் தமிழை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. சாயங்காலம் தாள்களைக் கட்டாகக் கொண்டுபோய் வைத்தால், "இன்னிக்கு எத்தினி திட்டு?" என்று கேட்பார். நான் எண்ணி வைத்திருப்பேன், சொல்வேன். ஒரு நாள் திட்டே இல்லை என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. "திட்டே இல்லாம ஒரு கட்டு வந்துதுன்னா, ஒண்ணு நீ ஒழுங்கா கேக்கல, இல்லைன்னா அவன் நம்பள விட்டே பூட்டான். மறுபடியும் போ" என்றார்.

பிறகு செல்போன் வந்தது, மெசேஜ் வந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்பது வீண் செலவு என்று முடிவானது. பழுது பார்த்து முடித்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் போகும்: 'எங்கள் பணியாளரின் சேவை எப்படி இருந்தது?' ஐந்து நட்சத்திரம் வரை போடலாம். எழுத இடம் கிடையாது. சராசரி குறைந்தால் மெக்கானிக்கின் ஊக்கத்தொகை போகும். ஒரே வேலைக்கு இரண்டாவது தடவை போனாலும் போகும். முதலாளியின் மகன் கொண்டுவந்த ஏற்பாடு. தணிகாசலம் சார் கூட்டத்தில் இரண்டு தடவை எதிர்த்துப் பேசினார். பிறகு பேசவில்லை. எனக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. வருகிற நட்சத்திரங்களைக் கூட்டிச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். புதுப்பட்டினம் கிளைக்குச் சிறந்த சேவைக்கான கேடயம் கொடுப்பதாக இருந்தது. மூன்று மாதத்தில் வந்த இருநூற்றுப் பதினான்கு பதிலில் ஆறு மட்டும் நான்கு நட்சத்திரம். மற்றவை எல்லாம் ஐந்து. 'கடலோரத்தின் ஐந்து நட்சத்திரச் சேவை' என்று பேனர்கூட அடித்துவிட்டார்கள். நான் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தேன். தணிகாசலம் சார் பழைய பழக்கத்தில் உள்ளங்கையால் எண்களை மூடினார். மூடியபின் அந்தத் தாளில் படிக்க எதுவுமே இல்லை.

"உப்புக் காத்து அடிக்கற ஊரு. மிஷின் அடியெல்லாம் துருப் புடிக்கும். முன்னெல்லாம் அங்கேருந்து வர்ற கட்டைத் தூக்க முடியாது, அவ்ளோ திட்டு. இப்போ ஒண்ணு கூடவா இல்ல?" என்றார்.

இல்லை என்றேன்.

"நாளைக்குக் காலைல பஸ்ஸ புடி. வூட்டுக்குள்ள போய் நின்னு கேளு."

அலுத்துக்கொண்டேதான் போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். முழங்கால் வலி, பக்கத்து இருக்கையில் மூன்று கூடைகள், பெருமாள் கோயில் வாசலில் இருபது நிமிட நிறுத்தம். கிளைக்குச் சொல்லாமல் நேராக முதல் வீட்டுக்குப் போனேன். அஞ்சலை என்று பெயர், மார்க்கெட்டில் மீன் விற்பவர். மிஷின் போட்டால் ஃபியூஸ் போகிறது என்று புகார் கொடுத்திருந்தார். ஒரே வருகையில் சரியாகிவிட்டது. ஐந்து நட்சத்திரம்.

கடையிலிருந்து வருகிறேன் என்றதும், "இன்னா சார், அஞ்சு பத்தலியா? ஒனக்கு வேற தனியா ஒரு அஞ்சு போடணுமா?" என்றார்.

மிஷினைப் பார்க்க வேண்டும் என்றேன். பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு பலகை கிடந்தது. பலகைமேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அவர் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு பலகைமேல் ஏறி நின்று, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, மூடியைத் திறந்து காட்டினார். எல்லோர் வீட்டிலும் இப்படித்தான் திறப்பார்கள் என்பதுபோல் செய்தார்.

எதற்காகப் பலகை என்று கேட்டேன்.

"சும்மா தொட்டா கிர்ருங்குது சார். செருப்பு போட்டுகினா ஒண்ணும் இல்ல. ஃபியூஸ் இப்போ போறதில்ல, அது வரைக்கும் நிம்மதி."

என் சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்டர் இருக்கும். மிஷினின் பக்கவாட்டுத் தகட்டில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். திறந்து பார்த்தேன். பச்சை ஒயரை வெட்டி, நுனியை டேப் போட்டு ஒட்டியிருந்தது.

படிப்பவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். மிஷினுக்குள் எங்கேயாவது உப்பும் ஈரமும் பட்டுக் கரண்ட் வெளித்தகட்டுக்குக் கசிந்தால், அதைப் பூமிக்குக் கொண்டுபோவது அந்தப் பச்சை ஒயர். அப்படிப் போகும்போது ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போவதுதான் எச்சரிக்கை. கசிவைச் சரிசெய்ய உதிரிப்பாகம் வாங்கிக்கொண்டு இரண்டாவது தடவை வர வேண்டும். பச்சை ஒயரை வெட்டினால் ஒரே நிமிடத்தில் ஃபியூஸ் போவது நின்றுவிடும். கரண்ட் போக வழியில்லாமல் தகட்டிலேயே நிற்கும், யாராவது வந்து தொடுகிற வரைக்கும்.

"துணி பாதியில கீது சார், எதுக்குப் புடுங்கின?" என்றார் அஞ்சலை.

உயிர் போயிருக்கும் அம்மா என்றேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் ஐந்து போட்டீர்கள் என்றும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்தப் புள்ள மழையில நனைஞ்சுகினு வந்துச்சு. வேலைய முடிச்சிட்டு வாசல்லயே நின்னுகினு இருந்துச்சு. அஞ்சு போடலைன்னா டப்பு புடிச்சிப்பாங்கன்னுச்சு. போட்டேன். அது அந்தப் புள்ளைக்குப் போட்டது சார். மிஷின பத்தி நீங்க எங்க கேட்டீங்க?"

வாசலுக்கு வந்து எங்கள் மெசேஜை என் போனில் எடுத்துப் படித்தேன். ஐந்து சொற்கள்தான். இரண்டு தடவை படித்தேன். அந்த அம்மாள் சொன்னது சரி. மிஷினைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. இருநூற்றுப் பதினான்கு பேரிடமும் கேட்கவில்லை.

தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பிளக்கைப் புடுங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிடுங்கிவிட்டேன் என்றேன். "ஃபியூஸ் போச்சுன்னு கூப்ட்டு, ஒரே வாட்டில சரியாகி, அஞ்சு போட்ட வூடு எத்தினின்னு எண்ணு" என்றார். கையோடு கொண்டுவந்த பட்டியலில் எண்ணினேன். அதுவரைக்கும் பயமாகத் தோன்றாத எண் அது. முப்பத்தெட்டு.

அவர் செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் வந்து சேர்ந்தபோது நானும் கிளை மேலாளரும் கிளையின் மூன்று மெக்கானிக்குகளையும் வாசலில் நிறுத்தியிருந்தோம். அவர் சத்தம் போடவில்லை. யார் யார் எந்தெந்த வீட்டில் வெட்டினீர்கள் என்று கேட்டார். மூத்தவர் பிரகாஷ் அழ ஆரம்பித்தார். ஆளாளுக்குச் செய்திருக்கிறார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு. எந்தெந்த வீடு என்பது யாருக்கும் நினைவில்லை. அப்புறம் வந்து சரியாகப் போட்டுக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தோம் சார், அடுத்த வேலை, அடுத்த வேலை என்று போய்விட்டது என்றார்.

"அழுவறத அப்பால வெச்சிக்க. ஏறு வண்டில" என்றார் தணிகாசலம் சார்.

நானும் சாரும் பிரகாஷோடு ஜீப்பில். மற்ற இருவர் கிளை மேலாளரோடு வேறு பக்கம். வீடு வீடாகப் போனோம். சில வீடுகளில் ஒயர் சரியாக இருந்தது; அங்கே ஃபியூஸ் கம்பி மட்டும்தான் குறை. சில வீடுகளில் வெட்டியிருந்தது. வெட்டியிருந்த வீடுகளில் எல்லாம் மக்கள் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் சாக்கு. ஒரு வீட்டில் மூடியைத் திறக்கத் துடைப்பக்கட்டை. ஒரு வீட்டில், அந்த மிஷினைப் பெரியவர்கள் மட்டும்தான் தொட வேண்டும் என்று சட்டம். ஒருவர்கூட எங்களுக்குப் போன் செய்து திட்டவில்லை. திட்டினால் அந்தப் பையனின் வேலை போய்விடுமாம்.

இருபத்தோராவது வீடு ஏழுமலை என்பவருடையது, ஊருக்கு மேற்கே வயல் ஓரம். மிஷின் கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. டெஸ்டர் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இதுவரை யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று சார் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றார் ஏழுமலை. நான் வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். பழக்கம். ஏழு எண்ணியிருப்பேன்.

"ஆனா, ஒரு ஆடு செத்துது சார். இந்த மிஷினாண்டதான் கெடந்துச்சு. பாம்பு கடிச்சிருக்கும்னு நெனச்சோம்" என்றார்.

எங்கே கட்டியிருந்தது என்று சார் கேட்டார். ஏழுமலை மிஷினின் காலைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"எம் பொண்ணுதான் சார் தெனமும் கட்டும். அன்னிக்கு அது பள்ளிக்கூடம் பூட்டுது, நேரமாச்சுன்னு நாந்தான் கட்டினேன். மிஷினத் தொடாம கயித்த மட்டும் கட்டிட்டுப் பூட்டேன்."

பிரகாஷ் கொல்லையின் ஓரமாகப் போய்க் குந்திக்கொண்டார். தணிகாசலம் சார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வீடும் ஐந்து நட்சத்திரம்தான்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு வீடும் முடிந்தது. பதினாறு வீடுகளில் வெட்டியிருந்தது. பிறகு அலுவலகத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாளி மூன்று பேரையும் உடனே நீக்கச் சொன்னார். ஐந்து வாங்கினால்தான் கூலி என்று சொன்னது நாம்தான், வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றார் சார். அதனால் நீக்கவில்லை; மூவருக்கும் மூன்று மாதம் சம்பளம் இல்லை. அந்த மூன்று மாதமும் மேலாளர் ஒருவர் கூடவே நிற்கும்போதுதான் வேலை செய்தார்கள். கேடயம் கிடங்குக்குப் போனது. மெசேஜ் நின்றது. பழுது பார்த்து ஒரு வாரம் கழித்து ஆள் போய்க் கேட்பது என்று மறுபடி ஆரம்பித்தோம். முதல் கேள்வி 'மிஷின் எப்படி இருக்கிறது?', இரண்டாவது 'தொட்டால் கிர்ரென்கிறதா?' பணியாளரைப் பற்றிய கேள்வி கடைசியில், ஊக்கத்தொகைக்குச் சம்பந்தமில்லாமல். முதலாளியின் மகன் இரண்டாவது கேள்வியின் நடையை மாற்றலாமே என்றார். 'மின்கசிவு உணரப்படுகிறதா' என்று. அஞ்சலைக்கு அது புரியாது என்று நான் சொன்னேன். கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசியது அது ஒரு தடவைதான்.

ஆனால் முப்பத்தெட்டாவது வீட்டைச் சொல்ல வேண்டும். பூட்டியிருந்தது. கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போன் நம்பர் கேட்டோம், அவரிடம் இல்லை. எங்களிடம் இருந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போக முடியாது. நள்ளிரவில் வந்து, ஈரக்காலோடு, கல்யாணத் துணிகளைத் தூக்கி மிஷினில் போட்டார்கள் என்றால்? என் மனதில் வரிசையாக அதுதான் ஓடியது. மூன்று பேர் அந்த வீட்டில்.

தணிகாசலம் சார் வாசல் பக்கம் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்தார். ஃபியூஸ் கட்டையை உருவித் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பதறிவிட்டது. அடுத்தவர் வீடு சார், போலீஸ் புகார் ஆகிவிடும், உள்ளே ஃப்ரிட்ஜ் வேறு ஓடுகிறது என்றேன்.

"ஓடட்டும்... இனிமே எங்க ஓடும்" என்றார். விவரத்தை ஒரு தாளில் எழுதித் தன் நம்பரையும் போட்டுக் கதவு இடுக்கில் செருகினார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் இரண்டு தடவை சொன்னார்.

மூன்று நாள் அந்தக் கட்டை அவர் மேசையில் கிடந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் இருவரும் அதைப் பார்ப்போம். நான்காம் நாள் காலையில் அழைப்பு வந்தது. சார் போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார்.

"எவன்டா அவன் எங்க வூட்டு ஃபியூஸ புடுங்கினவன்? ஃப்ரிட்ஜுல ரெண்டு கிலோ எறா வெச்சிட்டுப் போனேன், தெருவே நாறுது. ரோட்டுல போற நாய் கூட உள்ள வர மாட்டேங்குது. நீயெல்லாம் கடை வெச்சிருக்கியா, இல்ல திருடறதுக்கு ஆள் வெச்சிருக்கியா?"

அந்தப் பெண்மணி நிறுத்தவே இல்லை. எங்கள் கடையை, எங்கள் மிஷினை, அது வாங்கிய நாளிலிருந்து பட்ட பாட்டை, எங்களைப் பெற்றவர்களை, எல்லாவற்றையும் எடுத்தார். சார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலது கையால் என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார்.

"எழுதிக்க. ஒரு எழுத்து வுடாத" என்றார்.